சீரகத்தின் சுழி

எருமை நூற்றுப் பதினாறு, பசு முந்நூற்று நான்கு, ஆடுகள் ஓரிடத்தில் நிற்காததால் உத்தேசமாக அறுநூறு, குதிரை இல்லை என்று கால்நடைக் கணக்கெடுப்பில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மஞ்சக்காட்டூருக்கு, கணக்கெடுக்க வந்தவர் பஸ் ஏறிப் போன மறு வாரமே ஒரு குதிரை வந்து சேர்ந்தது.

அது இரண்டு வயது தாண்டிய பெண்குட்டி. வறுத்த சீரகத்தின் நிறத்தில் இருந்ததால் சீரகம் என்றே பெயர் வைத்தார்கள். வாங்கியவள் சாமியாத்தாள். ஊர்ப் பால் சொசைட்டியில் பதினாறு வருடமாகப் பாலின் தரம் பார்க்கிறவள்; யார் பாலில் எவ்வளவு தண்ணீர் என்பது அரைப் புள்ளி பிசகாமல் தெரிந்தும் ஒருவரையும் கடிந்து பேசாமல், "இன்னைக்கு மாடு கொஞ்சம் அதிகமாத் தண்ணி குடிச்சிருக்குமாட்ட இருக்குதுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, உள்ளதை உள்ளபடி குறித்துக்கொள்கிறவள். அப்படிப்பட்டவள் யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் குதிரை வாங்கிவிட்டாள் என்பதை ஊர் ஒரு வாரம் பேசியது.

"பதினாறு வருசமா ஊரு கொண்டாறதையே நான் பாத்துட்டிருக்கறேன். நான் ஒண்ணு கொண்டுபோயி, வெவரம் தெரிஞ்சவங்க நாலு பேரு அதைச் சுத்திச் சுத்திப் பாக்கோணும்" என்று தன் கணவன் பொங்கியண்ணனிடம் சொன்னாள். மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்த பொங்கியண்ணனுக்குக் காது கொஞ்சம் மந்தம். அவன் "செரி" என்றான்.

அவள் நினைத்தது அய்யன்காட்டு ஆடித் திருவிழாவை. அங்கே சவுக்குக் கம்பு நட்டு, கயிறு கட்டி, சுண்ணாம்புக் கோடு போட்ட ஒரு பெரிய வட்டம் இருந்தது. தேர்ந்த குதிரைகளை மட்டும் அதற்குள் நடத்தியும் ஓட்டியும் நிறுத்தியும் காட்டுவார்கள். மூன்று நடுவர்கள் ஒவ்வொன்றையும் சுற்றி வந்து பார்ப்பார்கள். வட்டத்துக்குள் போக ஒரே வாசல். அந்த வாசலில் முப்பது வருடமாக நின்றவர் சுழி பார்க்கும் நஞ்சப்பர். குதிரையின் உடம்பில் மயிர் எந்த இடத்தில் நீர்ச்சுழல்போல் வட்டமிட்டுச் சுருண்டிருக்கிறதோ அதுதான் சுழி. நெற்றியில் இருந்தால் கோபுரச்சுழி, ராசி. காலில் இருந்தால் விலங்குச்சுழி, உரியவர் ஜெயிலுக்குப் போவார். வாலருகில் இருந்தால் துடைப்பச்சுழி, வீட்டுச் செல்வத்தைக் கூட்டித் தள்ளிவிடும். முதுகில் இருந்தால் பாடைச்சுழி, அதற்குமேல் விளக்கம் யாரும் கேட்பதில்லை. கெட்ட சுழியுள்ள குதிரையை நஞ்சப்பர் வாசலோடு திருப்பிவிடுவார்.

பொங்கியண்ணனின் அண்ணன் அர்த்தநாரிதான் வீட்டுக்கு மூத்தவர். கொட்டகை அவர் பொறுப்பில் இருந்தது. குதிரை வளர்ப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் பிடிக்கவில்லை என்று நேராகச் சொல்லுகிற பழக்கமும் அவருக்கு இல்லை. "ஆடி வரைக்கும் இருக்கட்டும் அம்மிணி. அய்யன்காட்டு வாசல்ல உள்ள உட்டாங்கன்னா நம்ம கொட்டாயில எப்பவும் இருக்கட்டும். திருப்பி அனுப்பிச்சாங்கன்னா அங்கிருந்தே பூபதியோட அனுப்பிச்சுப்போடலாம்" என்றார். பூபதி கல்யாணங்களுக்கு பேண்டு வாசிப்பவர். மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் குதிரை தேடிக்கொண்டிருந்தவர். வாரம் ஒருமுறை வந்து சீரகத்தின் முதுகை டேப்பு வைத்து அளந்து, ஜிகினா தைத்த துணியொன்றைப் போர்த்திப் பார்த்து, "நம்ம தொழிலுக்குன்னே பொறந்த முதுகுங்க இது" என்று சொல்லிவிட்டு மோர் குடித்துப் போவார்.

சாமியாத்தாள் கவலைப்படவில்லை. சீரகத்தின் சுழி நெற்றி நடுவில் இருந்தது. கோபுரச்சுழி.

நான்காம் நாள் காலையில் அது கழுத்துக்கு வந்திருந்தது.

அவள் விரலால் தடவிப் பார்த்தாள். நெற்றி மயிர் வழவழவென்று நேராக இருந்தது; வலப்பக்கக் கழுத்தில், முந்தின நாள் ஒன்றுமில்லாத இடத்தில், எட்டணாக் காசளவில் சுழி அமைதியாகச் சுருண்டிருந்தது. மறுநாள் தோளுக்குப் போயிற்று. அதற்கு மறுநாள் வயிற்றின் அடியில். பிறகு பின்னங்காலில் இறங்கி இரண்டு நாள் தங்கிவிட்டு, வெள்ளிக்கிழமை மறுபடி நெற்றிக்கு ஏறியது. ஒரு பாலின் தரம் தினம் மாறினால் தினம் அளக்க வேண்டும், அவ்வளவுதான் என்று எண்ணுகிறவள் சாமியாத்தாள். பழைய பதிவேடு ஒன்றை எடுத்துத் தேதி, சுழி இருந்த இடம் என்று இரண்டு பத்தி கோடு போட்டு, அன்றாடம் குறிக்கத் தொடங்கினாள்.

பால் ஊற்ற வந்தவர்கள் அந்த நோட்டை எட்டிப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் இது எப்படி என்று கேட்கவில்லை. இன்றைக்கு எங்கே என்றுதான் கேட்டார்கள். பத்தே நாளில் ஊர் அதற்குப் பழகிவிட்டது. டீக்கடைக் காளிங்கன் ஒரு பலகையில் சாக்பீசால் குதிரை வரைந்து (வால் இல்லாவிட்டால் அது நாயென்றுதான் தோன்றும்) அன்றன்று சுழி இருக்கும் இடத்தில் தன் மனைவியின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டி வைத்தான். பொட்டு காலில் இருந்தால் யாரும் போலீஸ் ஸ்டேஷன் இருக்கும் தெரு வழியாகப் போகமாட்டார்கள். அங்கேயே வேலை பார்க்கும் ஏட்டுக்கூட அன்றைக்கு மட்டும் பின்சுவர் ஏறிக் குதித்து உள்ளே போனார். பொட்டு முதுகில் இருந்தால், தொண்ணூற்றோரு வயது மாரப்பர் குளித்து, வெளுத்த வேட்டி கட்டி, வாசலில் கட்டில் போட்டு, கைகளை மார்பில் வைத்துப் படுத்துக்கொள்வார். பேரன் வீட்டிலிருந்தும் பேத்தி வீட்டிலிருந்தும் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். பொழுது சாயும் வரை காத்திருந்துவிட்டு எழுந்து உட்கார்ந்து, "இந்தச் சுழியும் ஒண்ணுத்துக்கும் ஆகாது" என்று சலித்துக்கொண்டு நாலு இட்லி கேட்பார். ஒருநாள் காற்றில் பொட்டு பறந்துவிட்டது. அன்றைக்கு எந்தச் சுழியும் இல்லையென்று ஊர் முடிவு செய்து, என்ன செய்வது என்று தெரியாமல், மத்தியானம் வரை எல்லோரும் அவரவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள்.

தொல்லை கொடுத்தவை கெட்ட சுழிகள் அல்ல. நல்ல சுழிகள்தான்.

நெற்றியில் சுழி ஏறிய நாள்களில் சீரகம் தங்கள் வாசலை மிதித்துப் போனால் நல்லது என்று எல்லா வீட்டாரும் விரும்பினார்கள். வாசலுக்கு வந்த குதிரையை வெறும் வாயோடு அனுப்புவது மரியாதை இல்லை என்பதால் ஒரு வீட்டில் வெல்லம், ஒரு வீட்டில் பூவன் பழம், ஒரு வீட்டில் ஒப்பிட்டு, கடைசி வீட்டில் ஒரு தட்டு சர்க்கரைப் பொங்கல். சித்திரை முடிவதற்குள் சீரகத்துக்கு வயிறு பானைபோல் இறங்கிவிட்டது. விலா எலும்பைத் தேடி விரலால் அழுத்தினால் விரல் உள்ளே போய் எங்கோ தொலைந்தது. பூபதி மட்டும் மகிழ்ந்தார். "மாப்பிள்ளைக்கு மெத்துனு இருக்கும்" என்றார்.

குதிரையைத் தேற்றுவது என்பது தின்னக் கொடுப்பது மட்டும் அல்ல. ஊறவைத்து வேகவைத்த கொள்ளு காலையில் இரண்டு படி. அதற்குமேல் ஒரு பிடி கூடாது. பால் வேலை முடிந்ததும் வறண்ட ஆற்றுப் படுகைக்குக் கூட்டிப்போய், கணுக்கால் புதையும் மணலில் அரை மணி நேரம் நடத்த வேண்டும். அப்போதுதான் தொடை இறுகும். பிறகு நீளக் கயிற்றில் விட்டு இடப்பக்கமாகப் பதினைந்து வட்டம், வலப்பக்கமாகப் பதினைந்து வட்டம், வேகம் ஏறாமலும் குறையாமலும் ஓட்ட வேண்டும். ஈரச் சாக்கால் உடம்பைத் துடைத்து, தேங்காய் நாரால் மயிர் போகும் திசையிலேயே தேய்க்க வேண்டும். குளம்புக்கு வேப்பெண்ணெய். கூட்டத்துக்கும் மேளத்துக்கும் மிரளாமல் இருக்க, பொங்கியண்ணன் கடை ஸ்பீக்கரில் தினம் தவில் கேட்க வைக்க வேண்டும். கடைசியாக, எல்லாவற்றையும்விடக் கடினமானது, அறுபது எண்ணும் வரை நான்கு காலும் ஊன்றி அசையாமல் நிற்கப் பழக்க வேண்டும். இதில் ஒன்றுகூடச் சர்க்கரைப் பொங்கலோடு ஒத்துவரவில்லை.

சாமியாத்தாள் கேட்டுப் பார்த்தாள். "ஒண்ணும் குடுக்காதீங்க, கெஞ்சிக் கேட்டுக்கறேன்" என்றாள். "நாங்க ஒரு துண்டுதானே அம்மிணி குடுக்கறோம்" என்றார்கள் எல்லோரும், அது உண்மையும்கூட. நாற்பத்து மூன்று வீட்டில் நாற்பத்து மூன்று துண்டு.

ஆனி முதல் தேதி காலையில், பால் வரிசையில் முதலில் நின்ற காளிங்கன் "இன்னைக்கு எங்கீங்க?" என்று கேட்டபோது, பதினாறு வருடத்தில் அரைப் புள்ளி கூட்டிச் சொல்லாத சாமியாத்தாள், பாலை அளந்துகொண்டே, "வால்கிட்டங்க. தொடப்பச்சுழி" என்றாள்.

மறுநாளும் துடைப்பச்சுழி என்றாள். அதற்கு மறுநாளும். நாற்பது நாள் சொன்னாள்.

செல்வத்தைக் கூட்டித் தள்ளும் குதிரையை யார் வாசலுக்கு அழைப்பார்கள்? சீரகம் வரும் சத்தம் கேட்டால் கதவு சாத்தினார்கள். தெரு காலியாக இருந்தது. சாமியாத்தாள் அதை நேரே ஆற்றுக்குக் கூட்டிப் போனாள், நேரே கூட்டி வந்தாள். நாலு நாளில் பானை வயிறு மேலேறத் தொடங்கியது. இருபதாம் நாள் விரலுக்கு விலா எலும்பு அகப்பட்டது. முப்பதாம் நாள் மேல்தோலில் முகம் பார்க்கலாம்போல் ஒரு மினுமினுப்பு வந்தது.

ஊர்தான் குப்பையாயிற்று. துடைப்பச்சுழி நாளில் துடைப்பத்தைத் தொடக்கூடாது என்று ஊரே தீர்மானித்திருந்ததால், எல்லா வீட்டிலும் துடைப்பங்கள் பரணுக்கு ஏறிவிட்டன. ஊராட்சித் தலைவர் வாசலில் வேப்பிலை கணுக்கால் உயரத்துக்கு நின்றது. மூன்றாம் வாரம் யாரோ விசிறியால் வீசிக் குப்பை தள்ளலாம், அது துடைப்பம் ஆகாது என்று கண்டுபிடித்தார்கள். பிறகு ஒவ்வொரு வீட்டார் விசிறிய குப்பையும் அடுத்த வீட்டு வாசலுக்குப் போய், அங்கிருந்து அதற்கடுத்த வாசலுக்குப் போய், ஊரை ஒரு சுற்றுச் சுற்றி, சாயங்காலத்துக்குள் புறப்பட்ட வீட்டுக்கே பத்திரமாகத் திரும்பி வந்தது. சாமியாத்தாள் அதைப் பார்க்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டாள். இப்போது சொசைட்டிக்குக் கொண்டுபோகாமல் வீட்டிலேயே வைத்திருந்த நோட்டில் மட்டும் அன்றன்றைய உண்மையான இடத்தையே எழுதினாள். பொய்யாகக் குறிப்பதற்குக் கை வரவில்லை.

ஆடித் திருவிழாவுக்கு ஊரே மூன்று குட்டியானை வண்டியில் கிளம்பியது. குதிரை ஊரில் இல்லாத நாளில் பலகையில் பொட்டை எங்கே ஒட்டுவது என்று காளிங்கனுக்குத் தெரியாததால் அவன் கடையைப் பூட்டிவிட்டு வந்தான். டீக்கடை பூட்டியிருக்கும் ஊரில் இருந்து என்ன செய்வது என்று மற்றவர்களும் வந்தார்கள். மாரப்பரைக் கட்டிலோடு தூக்கி வைத்தார்கள்.

அய்யன்காட்டு வாசலில் பத்துக் குதிரைகளுக்குப் பின்னால் சீரகம் நின்றது. புறப்படும்போது சுழி நெற்றியில் இருந்தது. முறை வந்ததும் நஞ்சப்பர் கண்ணை மூடிக்கொண்டு, நெற்றியில் தொடங்கி, கழுத்து, நெஞ்சு, முதுகு என்று தடவி, முன்னங்காலுக்கு இறங்கி நிறுத்தினார்.

"வெலங்கு" என்றார். "எடது முன்னங்காலு. வெளிய கூட்டிப் போங்க."

வேலிக்கு இந்தப் பக்கம் அர்த்தநாரி நின்றிருந்தார். அவர் பக்கத்தில் பூபதி, ஜிகினாத் துணியை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு.

"இன்னொருக்கா பாருங்க" என்றாள் சாமியாத்தாள்.

"முப்பது வருசமா நான் இன்னொருக்கா பாத்ததில்லீங்க அம்மிணி."

"இன்னைக்குப் பாருங்க."

அவள் குரல் உயரவில்லை. அதனாலேயே அவர் குனிந்தார். காலில் ஒன்றும் இல்லை.

"நெஞ்சுக்குப் போயிருக்கும்ங்க" என்று காளிங்கன் வேலிக்கு அப்பாலிருந்து உதவினான். "கூட்டத்தைப் பாத்தா அது கீழ நிக்காது."

நஞ்சப்பர் நெஞ்சைத் தொட்டார். சுழி அங்கே இருந்தது. தொட்ட விரலுக்கு அடியிலேயே மெதுவாகச் சுழன்று, மயிரை ஒதுக்கிக்கொண்டு, தோளை நோக்கி நகர்ந்தது. அவர் விரலும் கூடவே போயிற்று. துண்டை நனைத்துத் தேய்த்துப் பார்த்தார். சாயமோ பசையோ வரவில்லை. மஞ்சக்காட்டூர்க்காரர்கள் பஸ் வரும் திசையைப் பார்ப்பவர்கள்போல் அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இது இன்னைக்கு மட்டும் இப்படியா, எப்பவுமே இப்படியா?" என்றார் நஞ்சப்பர். "சந்தைச் சத்தத்துல மெரண்டு மயிரு சிலுத்துக்கறதும் உண்டு. அப்படீன்னா நான் மொதல்ல பாத்ததுதான் கணக்கு. வெலங்குதான்."

"எப்பவுமேதானுங்க" என்றது ஊர்.

"தொடப்பத்துலயே நாப்பது நாளு நின்னுச்சுங்களே" என்றது அதே ஊர், உண்மையைச் சொல்ல வேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு.

"அப்ப நிக்கற சுழிதான்" என்று நஞ்சப்பர் நிமிர்ந்தார். பூபதி துணியை உதறினார்.

சாமியாத்தாளின் பையில் நோட்டு இருந்தது. அதைத் திறந்தால் சீரகம் உள்ளே போகலாம். திறந்தால் நாற்பது நாள் சொன்ன பொய்யும் தெரிந்துவிடும். அதன்பிறகு பாலில் அவள் சொல்லும் புள்ளியை எவர் நம்புவார்? அவள் ஒரு கையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மறு கையால் நோட்டைப் பிரித்து, சத்தமாகப் படித்தாள்.

"ஆனி ஒண்ணு, நெத்தி. ரெண்டு, வலது கழுத்து. மூணு, வயிறு. நாலு, மறுபடி நெத்தி."

காளிங்கன் வேலிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான்.

"ஆனி ஒண்ணு தொடப்பம் இல்லீங்களா அம்மிணி?" என்றான் காளிங்கன்.

"இல்லீங்க."

"நாப்பது நாளும் இல்லீங்களா?"

"மூணு நாளு நெசமாவே தொடப்பந்தானுங்க" என்றாள் அவள், நோட்டைப் பார்த்துச் சரிபார்த்துக்கொண்டு.

"நாலாந்தேதி எம்பொண்ணைப் பாக்க வரோம்னாங்க. தொடப்பச்சுழின்னு வரவேண்டாம்னு சொல்லிட்டேன்."

"நான் சொன்னது தப்புங்க. நீங்க வெல்லம் குடுத்துக் குடுத்து இதைப் பானையாட்ட ஆக்கிப்போட்டீங்க. எனக்கு வேற வழி தெரியலீங்க."

காளிங்கன் அவள் முகத்தைப் பார்க்காமல் குதிரையைப் பார்த்தான். ஒட்டிய வயிற்றையும் இறுகிய தொடையையும் பார்த்தான். கோபம் குறையவில்லை, ஆனால் வெல்லம் கொடுத்தவர்களில் தானும் ஒருவன் என்பது அவனுக்கு நினைவு வந்தது. கட்டிலிலிருந்து மாரப்பரின் குரல் வந்தது.

"ஏம்மிணி, அந்த நாப்பதுல பாடை எத்தனை நாளு?"

"ரெண்டு நாளு இருந்துச்சுங்க."

"எனக்குச் சொல்லாம உட்டுட்டயே. ரெண்டு நாளு வீணாப் போச்சு."

முதலில் அர்த்தநாரிதான் சிரித்தார். பிறகு வேலி முழுவதும் சிரித்தது. காளிங்கன் கடைசியாக, மனமில்லாமல் சிரித்தான்.

நஞ்சப்பர் சிரிக்கவில்லை. நோட்டை வாங்கி நூற்றெண்பது நாளையும் பக்கம் பக்கமாகப் பார்த்தார். முப்பது வருடமாகத் தவறாத விரல் இன்று ஒரே குதிரையில் மூன்று இடம் காட்டியிருக்கிறது. பார்த்தது பொய் என்றால் விரல் பொய். வாசலில் பின்னால் நின்ற குதிரைகள் கனைத்தன. அவர் நோட்டை மூடி, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

"சுழின்னா ஒரு எடத்துல நிக்கோணும்" என்றார். "நிக்காதது சுழி இல்லை."

"வேற என்னங்க அது?" என்றார் பூபதி.

"நகந்து போறதுக்குப் பேரு நடை. நடையைப் பாக்கறது உள்ள இருக்கறவங்க வேலை. என் வேலை இந்த வாசலோட செரி." சீட்டில் சுழி என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதிக் கிழித்துக் கொடுத்துவிட்டு, கயிற்றை அவிழ்த்து வழி விட்டார்.

சீரகம் உள்ளே போனது. மேளம் அடித்தார்கள், காது மட்டும் திரும்பியது. நடக்கச் சொன்னார்கள், நடந்தது. ஓட்டச் சொன்னார்கள், சாமியாத்தாள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பக்கத்தில் ஓட, சீரகம் கழுத்தை வளைத்து, காலை மடித்துத் தூக்கி, மணலில் பழகிய கால் கெட்டி மண்ணைக் கண்டதும் எடையே இல்லாததுபோல் ஓடியது. சுழி தோளிலிருந்து முதுகுக்கும், முதுகிலிருந்து வாலுக்கும், வாலிலிருந்து காலுக்கும், காலிலிருந்து நெற்றிக்கும், நல்ல இடம் கெட்ட இடம் என்று பாராமல் எல்லா இடத்துக்கும் ஒரு சுற்றுப் போய்வந்தது. நிறுத்தச் சொன்னார்கள். நான்கு கால் ஊன்றி நின்றது. நடுவர்கள் மூன்று பேரும் பல்லைப் பார்த்து, குளம்பைத் தூக்கி, விலாவை விரலால் அழுத்தி, ஒருமுறை சுற்றி வந்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு இன்னொரு முறையும் சுற்றி வந்தார்கள். சாமியாத்தாள் வாய்க்குள் அறுபது எண்ணிக்கொண்டிருந்தவள் நாற்பத்தொன்றோடு எண்ணுவதை மறந்துவிட்டாள். சுழி அப்போது எங்கே இருந்தது என்றும் அவள் பார்க்கவில்லை. நோட்டில் அன்றைய தேதிக்கு எதிரே இன்றுவரை ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

பதினொரு குதிரையில் சீரகம் ஐந்தாவது. ஐந்தாவதுக்குப் பரிசு கிடையாது.

"அஞ்சாவதுன்னாலும் ஊர்வலத்துக்குப் போதுமுங்க" என்று பூபதி துணியோடு முன்னால் வந்தார்.

"உள்ள போயிட்டு வந்துருச்சே பூபதி" என்றார் அர்த்தநாரி. "நீங்க வேற எடத்துல பாருங்க."

வெளியே வந்த சாமியாத்தாளுக்கு மூச்சு வாங்கியது. அர்த்தநாரி இந்த ஆறு மாதத்தில் ஒருநாளும் தொடாத குதிரையின் கயிற்றுக்குக் கையை நீட்டினார். "தண்ணி குடிச்சுட்டு வா. அதுவரைக்கும் நான் புடிச்சுக்கறேன்" என்றார். அவள் கொடுத்தாள். சீரகம் அவரை முகர்ந்து பார்த்துவிட்டு, ஓரடி முன்னால் வந்து, அவருடைய வலது காலின்மேல் தன் முன்னங்காலை ஊன்றி, பழக்கியபடி அசையாமல் நின்றது.

அர்த்தநாரியின் முகம் மெல்லச் சிவந்தது. காலை இழுக்கவில்லை, இழுக்க முடியவும் இல்லை.

"என்ன எடை இருக்கும் இது?" என்றார்.

"முந்நூத்தி இருவத்தி நாலு கிலோங்க."

அவர் குனிந்து, தன் காலின்மேல் ஊன்றியிருந்த குளம்பைப் பார்த்தார்.

"நல்லாத்தான் தேத்தியிருக்கே அம்மிணி" என்றார்.